ஹிரோமியும் ஒரு கலர் பென்சில் டப்பாவும்

ரொம்ப நாளாச்சு மக்களே, இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. லேப், பேப்பர், மறுபடியும் லேப். இன்னைக்கு எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம் ஒரு சண்டை. நண்பர் ஒருத்தருக்கு (அவரும் பதிவர்தான், பேர் வேணாம்) ஹிரோமி உயெஹாரா பியானோ வாசிக்கிற வீடியோ ஒண்ணு அனுப்பினேன். ரெண்டே நிமிஷத்துல பதில்: "விரல் பயங்கர வேகம். ஆனா மெஷின் மாதிரி இருக்கே. ஜப்பான்காரங்கன்னாலே அப்படித்தானே?"

முதல் பாதியை விட்டுடலாம், அது ரசனை. அந்தக் கடைசி வரிதான் சுருக்குன்னு குத்திடுச்சு. ஏன்னு அப்புறம் சொல்றேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு. கொசுவத்தி சுத்திக்குங்க, ஒரு நூத்திமுப்பது வருஷத்துக்கு மேல பின்னால போகணும்.

நான் படிக்கிற ஊர் ஹமாமட்சு. டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவுல, வேகமான ஷிங்கான்சென் நிக்காம ஓடிப் போற ஊர். யமஹா, கவாய்னு ரெண்டு பெரிய பியானோ கம்பெனியும் பொறந்த இடம். ஸ்டேஷன் பக்கத்துல நிக்கிற உயரமான கட்டடமே ஹார்மோனிகாவைத் தூக்கி நிறுத்தின மாதிரி இருக்கும். ஹிரோமி 1979-ல் பிறந்ததும் இங்கேதான். (என் அபார்ட்மென்ட் ஒப்பந்தத்துல "வாத்தியம் வாசிக்கக் கூடாது"ன்னு ஒரு விதி இருக்கு. பியானோ ஊர்ல! என்னத்தைச் சொல்ல.)

இந்த ஊருக்கு டொராகுசு யமஹா வந்தது மருத்துவக் கருவிகளை ரிப்பேர் பண்ண. 1887-ல் இங்கே ஒரு ஆரம்பப் பள்ளியில இருந்த அமெரிக்க ஆர்கன் கெட்டுப்போச்சு. மனுஷனைக் கூப்பிட்டாங்க. பிரிச்சுப் பார்த்தார், உள்ளே இருந்ததையெல்லாம் படமா வரைஞ்சுகிட்டார், நாமளே பண்ணிடலாமேன்னு ஒரு கூட்டாளியைச் சேர்த்துகிட்டு ஒண்ணு செஞ்சும் முடிச்சார். அதைக் காவடி மாதிரி கழியில கட்டி, ரெண்டு பேருமா ஹக்கோனே மலையைத் தாண்டி டோக்கியோ வரைக்கும் தோள்ல தூக்கிட்டுப் போனாங்க. கிட்டத்தட்ட 250 கிலோமீட்டர்!

அங்கே இசைப் பள்ளியில வாசிச்சுப் பார்த்துட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? பெட்டி நல்லாருக்கு, சுருதி சரியில்லை. மனுஷன் சண்டை போடல. அங்கேயே ஒரு மாசம் தங்கி சுருதி சேர்க்கக் கத்துகிட்டு, திரும்பி வந்து ரெண்டாவது ஆர்கனைச் செஞ்சார். அந்த ஒரு மாசம்தான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடிச்ச இடம். மெஷின் தெரிஞ்ச ஒரு ஆள், காதைத் தீட்டிக்கப் போன மாசம்.

1954-ல் யமஹா கம்பெனி குழந்தைகளுக்கு இசை வகுப்பு ஆரம்பிச்சது. முதல்ல கேளு, அப்புறம் பாடு, அதுக்கப்புறம் வாசி, இதுதான் அங்கே முறை. பியானோ விக்கிறதுக்கான யுக்தியும்தான், இல்லைங்கல. ஆனா ஹிரோமி மாதிரி ஒருத்தர் வந்தது இந்த வழியிலதான். ஆறு வயசுல பியானோ தொடங்கினார். அவரோட முதல் டீச்சர் நோட்ஸ் மேல கலர் பென்சிலால தீட்டுவாராம். ஆவேசமா வாசிக்கணும்னா சிவப்பு, அமைதியா வாசிக்கணும்னா நீலம். எரால் கார்னர், ஆஸ்கார் பீட்டர்சன் ரெக்கார்டுகளைப் போட்டுக் காட்டினதும் அதே டீச்சர்தான்.

பீட்டர்சன்னு சொன்னதும் இன்னொருத்தரைச் சொல்லியே ஆகணும். 1953-ல் ஜப்பான் வந்த பீட்டர்சன், கிளப்புல டொஷிகோ அகியோஷின்னு ஒரு பெண் வாசிக்கிறதைக் கேட்டு அசந்துட்டார். அவர் சொல்லித்தான் நார்மன் கிரான்ஸ் டொஷிகோவோட முதல் ரெக்கார்டைப் பதிவு பண்ணினார். 1956-ல் பாஸ்டன்ல பெர்க்லிக்குப் படிக்கப் போன முதல் ஜப்பானிய மாணவி அவர். அமெரிக்காவுல டிவியில வந்தப்ப கிமோனோவோட வந்தார். பாதிப் பேருக்கு அது வேடிக்கை. 1974-ல் வந்த 'கோகுன்' ஆல்பத்துல ஜாஸ் கூட்டத்துக்கு நடுவுல நோ நாடகக் குரலையும் ட்சுட்சுமி மேளத்தையும் அவர் கொண்டாந்து வச்சதைக் கேட்டுப் பாருங்க. இது காப்பி, மெஷின்னு சொல்ல யாருக்கும் வாய் வராது.

ஹிரோமி பெர்க்லிக்குப் போனது 1999-ல். முதல் ஆல்பம் 'அனதர் மைண்ட்' 2003-ல். தயாரிச்சவங்கள்ல ஒருத்தர் அஹ்மத் ஜமால். ரெண்டு ஸ்வரத்துக்கு நடுவுல விடுற இடைவெளிக்கே பேர் போன ஆள், இந்த மின்னல் விரல்காரியைத் தேடி எடுத்தார்னா யோசிக்க வேணாமா? சரி, அந்த ஆல்பத்தோட முதல் பாட்டு 'எக்ஸ் ஒய் இசட்' கேட்டா நண்பர் சொன்னது புரியும், மூச்சு வாங்குது. அடுத்த வருஷம் 'பிரெயின்'. அதுல 'குங்ஃபூ வேர்ல்ட் சாம்பியன்'னு ஒரு சிந்தசைசர் அமர்க்களம். எனக்கு அது ஒரு தடவைக்கு மேல முடியாது, உண்மையைச் சொல்லிடறேன். ஆனா அதே தட்டுல 'கிரீன் டீ ஃபார்ம்'னு ஒண்ணு இருக்கு பாருங்க. இந்த ஷிஸுவோகா மாகாணம் முழுக்கத் தேயிலைதான், ரயில்ல போனா வரிசை வரிசையா தெரியும். அந்தப் பாட்டுல அவசரமே கிடையாது.

அப்புறம் 17 வயசுல தற்செயலா சந்திச்ச சிக் கொரியாவோட சேர்ந்து 'டூயட்' (2008), தனியா வாசிச்ச 'பிளேஸ் டு பி' (2009), ஆன்டனி ஜாக்சன், சைமன் ஃபிலிப்ஸோட மூணு பேர் கூட்டணி... வரிசையா போகுது. நான் நேரா 2019-க்குத் தாவிடறேன். 'ஸ்பெக்ட்ரம்'. மறுபடியும் தனிப் பியானோ, ஆல்பம் முழுக்க நிறங்கள். அதுல 20 நிமிஷத்துக்கு மேல போற ஒரு நீல ராப்சடி. கெர்ஷ்வின்ல ஆரம்பிச்சு வழியில கோல்ட்ரேனையும் தி ஹூவையும் கூட்டிட்டுப் போகும். எல்லாம் நீலம். அதைக் கேட்கறப்ப எனக்கு அந்த டீச்சரோட பென்சில் டப்பாதான் கண்ணுல தெரியுது.

இப்ப அந்தக் குத்தல் விஷயம். போன மாசம் செமினார்ல என் ஆறு மாச அளவீடுகளைக் காட்டினேன். சீனியர் ஒருத்தர் பொறுமையா கேட்டுட்டு, "டேட்டா ரொம்ப சுத்தம். இதுல உன்னோடது எது?"ன்னார். அப்புறம் ஒரு சிரிப்பு: "இந்தியாவுல இருந்து வர்றவங்க இதுல கெட்டி." பதில் சொல்ல வாய் வரல. ராத்திரி சைக்கிள்ல வர்றப்பதான் நல்ல நல்ல பதிலா தோணுச்சு :-) ஆனா முதல் கேள்வி நியாயமானதுதான், அதுதான் தூங்க விடல.

2023-ல் 'புளூ ஜயன்ட்'னு ஒரு அனிமேஷன் படம் வந்தது. இசை ஹிரோமி. அதுல யுகினோரின்னு ஒரு பையன், நாலு வயசுலேருந்து பியானோ. பெரிய கிளப்போட மேனேஜர் கேட்டுட்டு முகத்துக்கு நேரா சொல்லிடறார், உன் வாசிப்புல விரல் மட்டும்தான் இருக்குன்னு. பையன் நொறுங்கிப் போறான். யோசிச்சுப் பாருங்க, அந்த விரல் ஹிரோமியோடது. தன் மேல சொல்லப்படுற அதே குறையை, அதுக்கு ஏத்த மாதிரியே அவர் வாசிச்சுக் காட்டணும். பிற்பாடு அந்தப் பையன் எல்லாத்தையும் உதறிட்டு வாசிக்கிற சோலோவும் அவரே. ரெண்டுலயும் வேகம் குறையல. முதல்ல வர்றதுல அடுத்து என்ன வரும்னு நமக்கே தெரியுது. ரெண்டாவதுல தடுக்கி விழுந்துடுவானோன்னு பயமா இருக்கு.

நண்பருக்கு இதையெல்லாம் எழுதல. 'கிரீன் டீ ஃபார்ம்' மட்டும் அனுப்பி வச்சேன். மூணு நாளாச்சு, இன்னும் பதில் இல்லை. வந்தா சொல்றேன்.