கரி பஸ்சும் ஹைபிரிட் காரும்

பழைய சிறிய கார் ஒன்றை வாங்கி, அதன் பெட்ரோல் எஞ்சினுடன் ஒரு மின்மோட்டாரையும் பேட்டரியையும் இணைத்து, குறைந்த செலவில் ஹைபிரிட் கார் செய்துவிடலாம் என்று திட்டமிடும் மாணவர்கள் இன்று பலர் உள்ளனர். நல்ல முயற்சிதான். ஆனால் ஒரே வண்டியை இரண்டு ஆற்றல் மூலங்களைக் கொண்டு ஓட்டும் எண்ணம் மதுரைக்குப் புதிதன்று.

டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-இல் மதுரையில் தொடங்கிய போக்குவரத்துத் தொழில், இரண்டாம் உலகப் போரின்போது பெரும் சோதனைக்கு உள்ளாயிற்று. 1941-இல் இந்தியாவில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகவே, அங்கிருந்து வந்த எண்ணெயும் நின்றது. பஸ்கள் முடங்காதிருக்க அவர் வடிவமைத்துத் தயாரித்ததே 'டி.வி.எஸ். காஸ் பிளாண்ட்' எனும் கரிவாயுக் கருவி. ஐரோப்பாவிலும் இதே நிலைதான். ஜார்ஜ் இம்பெர்ட் என்பவர் 1920-களில் உருவாக்கிய விறகுவாயுக் கலன் போர்க்காலத்தில் அங்கு பெரிதும் பயன்பட்டது. போர் ஆண்டுகளில் உலகெங்கும் சுமார் பத்து லட்சம் வண்டிகள் இத்தகைய வாயுவால் ஓடின.

இதன் தத்துவம் எளியது. உயரமான இரும்புக் கலனில் அடுப்புக்கரியை நிரப்பி, அடியில் தீ மூட்டி, குறைந்த அளவு காற்றையே உள்ளே விடுவார்கள். முதலில் உண்டாகும் கரியமில வாயு, தணலாய்க் கனியும் கரியின் ஊடே செல்லும்போது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. இது எரியக்கூடிய வாயு. இதைக் குளிரவைத்து, வடிகட்டி, காற்றுடன் கலந்து எஞ்சினுக்குள் செலுத்தினால் வண்டி ஓடும். தணல் பிடிக்கும் வரை எஞ்சினைப் பெட்ரோலில் கிளப்பி, பின்னர் கரிவாயுவுக்கு மாற்றிக்கொள்வதும் உண்டு.

எஞ்சினையே மாற்ற வேண்டியதில்லை, எரிபொருளும் மலிவு. அப்படியானால் நஷ்டம் எங்கே?

கரிவாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையில் ஒரு கனமீட்டருக்குச் சுமார் 3.8 மெகாஜூல் ஆற்றல் உண்டு. கரிவாயுக் கலவையில் 2.5 மெகாஜூல்தான். சிலிண்டரின் கொள்ளளவு மாறாததால் எஞ்சினின் திறன் மூன்றில் ஒரு பங்காவது குறைந்துவிடும். மேட்டில் பஸ் திணறும். அழுத்த விகிதத்தைக் கூட்டினால் ஓரளவு ஈடுகட்டலாம். ஆனால் அப்போது பெட்ரோலில் ஓடுகையில் எஞ்சின் 'தட்டும்'. கரிவாயு மெதுவாக எரிவதால் தீப்பொறியை முன்கூட்டியே தர வேண்டும். அதுவும் பெட்ரோலுக்கு ஒவ்வாது. ஒன்றுக்குப் பொருத்தமாகத் திருத்தினால் மற்றதற்குக் கேடு.

இன்னொரு நஷ்டத்தைக் கணக்குப் புத்தகத்தில் காண இயலாது. விடியுமுன் எழுந்து கரி கொட்டி, ஊதுவிசிறியைக் கையால் சுழற்றித் தணல் மூட்டியவரும், சாம்பலை வாரியவரும் தொழிலாளர்களே. கார்பன் மோனாக்சைடோ நிறமும் மணமும் இல்லாத நஞ்சு. மூடிய கொட்டகையில் கசிந்தால் உயிரையே குடிக்கும். எரிபொருளில் மிச்சமான காசு அவர்களுடைய உழைப்பாகவும் ஆபத்தாகவும் மாறியிருந்தது. போர் முடிந்து பெட்ரோல் மீண்டும் கிடைத்ததும் கரி பஸ் மறைந்ததில் வியப்பில்லை.

இனி ஹைபிரிட் காருக்கு வருவோம். பெட்ரோல் எஞ்சினையும் மின்மோட்டாரையும் இணைத்த காரை ஃபெர்டினாண்ட் போர்ஷே 1900-இலேயே செய்து காட்டினார். ஆயினும் 1997-இல் ஜப்பானில் டொயோட்டாவின் பிரியஸ் வந்த பிறகே அம்முறை பெருமளவில் பரவியது. இடையில் தடையாக நின்றது எது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 36 கி.மீ., அதாவது விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அதன் இயக்க ஆற்றல் 50 கிலோஜூல். பிரேக் போடும்போது இதில் 60 சதவீதத்தைப் பேட்டரிக்கு மீட்டுத் திரும்பப் பயன்படுத்தினால் 30 கிலோஜூல் மிச்சம். ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள சுமார் 32,000 கிலோஜூலில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 8,000 கிலோஜூல் சக்கரத்தை அடைகிறது எனக் கொள்வோம். ஒரு லிட்டரை மிச்சப்படுத்த ஏறத்தாழ 270 முறை நின்று கிளம்ப வேண்டும்! அரை கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்றாலும் இது 135 கி.மீ. பயணம். லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் கார் அதற்கு 9 லிட்டர் குடிக்கும். மிச்சம் ஒரு லிட்டர். சிம்மக்கல் நெரிசலில் இதனால் ஓரளவு பயனுண்டு. பரவையைத் தாண்டித் திண்டுக்கல் நோக்கி நிற்காமல் ஓடும் காருக்கோ பேட்டரி வெறும் சுமைதான்.

பிரியஸின் பெரும் ஆதாயம் பிரேக்கில் மட்டும் கிடைப்பதன்று. கார் நிற்கும்போது எஞ்சினை அணைப்பதும், ஓடும்போது அதை மிகச் சிக்கனமான நிலையிலேயே வேலை வாங்குவதும் அதன் கட்டுப்பாட்டுக் கருவிகளின் வேலை. 1900-இல் இல்லாதவை அவை. மலிவுத் திட்டத்தில் முதலில் விட்டுப்போவதும் அவைதான்.

எனவே மோட்டாரின் விலையை விசாரிக்குமுன், எந்தச் சாலையில் ஓடப்போகிறோம், எத்தனை முறை நிற்போம், கூடும் எடை எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள். மின்கசிவும் தீயும் நேராதபடி காப்பதற்கான செலவையும் சேருங்கள். மிச்சம் என்று தோன்றுவது வேறெங்கோ நஷ்டமாகப் போய் நிற்கிறதா என்று தேடுங்கள். கரி பஸ்சில் அந்த நஷ்டத்தைச் சுமந்தவர் ஊதுவிசிறி சுற்றிய தொழிலாளி. உங்கள் காரில் அதைச் சுமக்கப்போவது யார்?