ஹைதராபாத்தில் பறவைக் கணக்கெடுப்பு: தன்னார்வலராவது எப்படி? உங்கள் 15 நிமிடம் ஏன் முக்கியம்?

தசரா அன்று பாலபிட்டாவைப் பார்த்தால் நல்லது நடக்கும் என்று உங்கள் ஹைதராபாத் நண்பர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். தமிழில் பனங்காடை என்று நாம் சொல்லும் அதே பறவைதான். தெலங்கானாவின் மாநிலப் பறவையும் அதுவே. 2023-ல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கையின்படி, 12 ஆண்டுகளில் பனங்காடையின் எண்ணிக்கை சுமார் 30 சதவீதம் குறைந்திருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க உதவியது யார்? பெரும்பாலும் வார இறுதியில் பைனாகுலரோடு கிளம்பிய சாதாரண மக்கள். 942 இனங்களை மதிப்பிட்ட அந்த அறிக்கைக்கு, 30,000-க்கும் அதிகமானோர் 'இ-பேர்ட்' தளத்தில் பதிந்த 3 கோடிப் பதிவுகளே அடிப்படை. அந்த வரிசையில் நீங்களும் சேரலாம்.

திருவிழா எப்போது?

'கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுன்ட்' உலகளாவிய பறவைத் திருவிழா. ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரி நடுவில், வெள்ளி முதல் திங்கள் வரை நான்கு நாட்கள் நடக்கும். அமெரிக்காவில் 1998-ல் தொடங்கியது. இந்தியா 2013 முதல் பங்கேற்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பறவைகளை எண்ணிப் பதிவு செய்தால் போதும். அபார்ட்மென்ட் மொட்டைமாடியும் சரி, ஆபீஸ் வளாகமும் சரி.

"எனக்கு காக்காவும் புறாவும்தான் தெரியும், நான் போய் என்ன பண்ண?"

இந்தத் தயக்கம் பலருக்கும் உண்டு. உண்மையில், அரிய பறவையைத் தேடி ஓடுவதல்ல இந்த வேலை. பார்த்த, கேட்ட, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதுவதுதான். இதற்கு 'முழுமையான பட்டியல்' என்று பெயர்.

நூறு முழுமையான பட்டியல்களில் எத்தனையில் பனங்காடை இருக்கிறது என்று ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு அந்தப் பங்கு குறைந்தால், பறவையும் குறைகிறது என்று புரிகிறது. ஆக, பனங்காடை இல்லாத உங்கள் பட்டியலும் ஒரு தகவல்தான். 'காக்காதானே' என்று விட்டுவிட்டால் கணக்கு தப்பாகிவிடும்.

பட்டியலால் என்ன பயன்?

2025 மார்ச் இறுதியில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டிய காஞ்ச கச்சிபௌலியில், 400 ஏக்கர் நிலத்தில் மரங்கள் வெட்டப்பட்டன. ஏப்ரல் 3-ம் தேதி உச்ச நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்தியது. அந்த நிலத்தைக் காக்கக் குரல் கொடுத்தவர்கள் முன்வைத்த வாதங்களில், அங்கே 200-க்கும் அதிகமான பறவை இனங்கள் பதிவாகியுள்ளன என்பதும் ஒன்று. புல்டோசர் வந்தபிறகு அப்படியொரு பட்டியலைத் தயாரிக்க முடியாது. பல ஆண்டுகளாக யார் யாரோ காலையில் எழுந்து போய் எழுதிவைத்தது அது. உங்கள் வீட்டருகே இருக்கும் ஏரிக்கு அப்படியொரு பட்டியல் இருக்கிறதா?

எப்படித் தயாராவது?

• இப்போதே: 'இ-பேர்ட்', 'மெர்லின்' ஆகிய இரண்டு செயலிகளையும் போனில் ஏற்றுங்கள். இரண்டும் இலவசம். மெர்லின், குரலை வைத்தே பறவையின் பெயரைச் சொல்லும். ஆனால் அதுவும் தவறலாம். கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகே எழுதுங்கள்.

• ஜனவரி: பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்களா? 2015 முதல் தமிழ்நாட்டில் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கிறது. சொந்த ஊர்க் கண்மாயிலேயே ஒத்திகை பார்த்துவிடலாம். நீர்ப்பறவைகளுக்கான ஆசியக் கணக்கெடுப்பும் ஜனவரியில்தான்.

• ஹைதராபாத் திரும்பியதும்: 1980 முதல் இயங்கும் 'டெக்கான் பேர்டர்ஸ்', 'ஹைதராபாத் பேர்டிங் பால்ஸ்' போன்ற குழுக்களின் நடையில் சேருங்கள். 2016-ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அமீன்பூர் ஏரி, புதியவர்களுக்கு நல்ல இடம். நீர்ப்பறவைகள் திறந்த நீரில் இருப்பதால் எண்ணுவது சுலபம்.

• கூட்டத்தை எண்ணும்போது: முதலில் பத்துப் பறவைகளை எண்ணுங்கள். அந்த அளவுக் கூட்டம் மொத்தத்தில் எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். ஏழு இருந்தால் சுமார் 70.

எதைச் செய்யக் கூடாது?

சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் வனத்துறை அனுமதித்த நேரம், பாதை ஆகியவற்றைத் தாண்டாதீர்கள். பறவையை வரவழைக்க அதன் குரலைப் போனில் ஒலிக்கவிடாதீர்கள். எதிரி வந்துவிட்டதென்று அது அலைக்கழியும். கூட்டின் படத்தை இடத்தோடு இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். பெயர் தெரியாவிட்டால் ஊகித்து எழுதவும் வேண்டாம். 'ஏதோ ஒரு வாத்து' என்று பதியவும் இ-பேர்டில் வசதி உண்டு.

பிப்ரவரிக்குப் பிறகு?

நான்கு நாளோடு நிறுத்திவிடாதீர்கள். நகரத்தைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கெடுக்கும் 'ஹைதராபாத் பறவை அட்லஸ்' பணி 2025-ல் தொடங்கியது. அதற்கும் தன்னார்வலர்கள் தேவை. அதற்கு நேரமில்லை என்றால், ஒரே ஏரிக்கு மாதம் ஒருமுறை போய், அதே பாதையில் நடந்து எழுதுங்கள். எந்த மாதம் எது வந்தது, எது வராமல் போனது என்று சொல்ல அந்த ஏரிக்கு ஓர் ஆள் கிடைத்துவிடும்.