உள்பக்கம் திரும்பிய சுவர்

ஆபீஸ் வேலையாக பாங்காக் போயிருந்தபோது ஒரு மதியம் ஓய்வு கிடைத்தது. ஜிம் தாம்ப்ஸன் வீட்டுக்குப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு, வழிகாட்டிப் பெண்ணின் பின்னால் பத்துப் பேர் வரிசையாக நடந்தோம். வரவேற்பறையில் அவர் சொன்ன ஒரு விஷயம் மண்டைக்குள்ளேயே தங்கிவிட்டது. ஜன்னல்களுக்குக் கீழே இருக்கும் செதுக்கு வேலைப்பாடு முதலில் வீட்டின் வெளிப்பக்கத்தில் இருந்ததாம். தாம்ப்ஸன் சுவரை உள்பக்கமாகத் திருப்பி மாட்டிவிட்டார்.

சுவரை எப்படித் திருப்பி மாட்ட முடியும்?

மத்திய தாய்லாந்தின் பழைய வீட்டில் அது முடியும். உயரமான தேக்குத் தூண்கள். அவை லேசாக உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். வெள்ளம் வந்தால் தண்ணீர் தரைக்கு அடியில் ஓடிவிடும். மற்ற நாளில் அங்கேதான் மாடு, படகு, தறி எல்லாம். சுவர்களைத் தரையிலேயே பலகைப் பலகையாகச் செய்து, தூக்கி நிறுத்தி, ஆணிக்குப் பதில் மரமுளை அடித்துப் பொருத்துவார்கள். குடும்பம் பெருத்தால் பக்கத்தில் இன்னொரு வீடு எழுப்பி, திறந்த முற்றத்தால் இணைப்பார்கள். ஊர் மாறினால் வீட்டையே கழற்றிப் படகில் ஏற்றிவிடலாம். மாட்யூல் மாட்யூலாகக் கோட் எழுதுகிறவனுக்கு இதைக் கேட்டதும் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

தாம்ப்ஸனும் அதைத்தான் செய்தார். 1906-ல் அமெரிக்காவில் பிறந்தவர், கட்டடக்கலைஞர். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க உளவு அமைப்பில் இருந்தார். போர் முடிந்து பாங்காக் வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். 1948-ல் பட்டு கம்பெனி தொடங்கினார். பிராட்வேயில் 1951-ல் மேடையேறிய 'தி கிங் அண்ட் ஐ' நாடகத்தின் உடைகளுக்கு அவருடைய பட்டு போனது. தாய்ப் பட்டு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பழைய தேக்கு வீடுகளைத் தேடி வாங்கி, கழற்றி, சேன் சேப் கால்வாய்க் கரையில் ஆறு வீடுகளை ஒன்றாகச் சேர்த்தார். சில அயுத்தயா பக்கமிருந்து வந்தவை. ஜோசியர் குறித்துக் கொடுத்த நாளில், 1959-ல், குடிபுகுந்தார்.

சேர்க்கும்போது சில மாற்றங்களும் செய்தார். வெளியே இருக்க வேண்டிய படிக்கட்டு வீட்டுக்குள் வந்தது. சில ஜன்னல்கள் மாடங்களாகி, அவற்றில் பர்மியச் சிற்பங்கள் நின்றன. பல குடும்பங்கள் பிறந்து, சமைத்து, செத்த வீடுகள் ஒரு மனிதரின் அறைகளாகின. அவர் தன் வீட்டையும் சேகரிப்பையும் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டார். அதாவது இந்த வீடு அவர் அதில் வாழும்போதே மியூசியமாகிவிட்டது.

அப்படியானால் இதெல்லாம் யாருடையது? அந்தக் கேள்வி 1962-ல் அவர் வாசலுக்கே வந்தது. பெட்சபூன் பகுதிக் குகையிலிருந்து பெயர்க்கப்பட்ட சில பழைய சுண்ணாம்புக்கல் தலைகள் அவரிடம் இருந்தன. தாய்லாந்தின் நுண்கலைத் துறை அவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டது. தாம்ப்ஸனுக்குக் கடும் வருத்தம். சேகரிப்பை சியாம் சொசைட்டிக்கு எழுதி வைத்திருந்தவர், உயிலையே மாற்றினார். அவர் பக்க நியாயம் புரிகிறது: அவர் வாங்காவிட்டால் வேறு யாரோ வெளிநாட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்கள். ஆனால் வாங்க ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால்தானே குகையில் உளி விழும்? எனக்கு இரண்டுமே உண்மையாகத்தான் படுகிறது.

1967 மார்ச் 26, மலேசியாவின் கேமரன் மலை. விடுமுறைக்குத் தங்கியிருந்த பங்களாவிலிருந்து நடக்கப் போனவர் திரும்பவில்லை. பெரிய தேடுதல் வேட்டை நடந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த மர்மத்தைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். அவர் பெயரிலான அறக்கட்டளைதான் இப்போது வீட்டைப் பராமரிக்கிறது.

எனக்கு மர்மத்தைவிட கால்வாயின் மறுகரைதான் முக்கியமாகப் பட்டது. அங்கே இருப்பது பான் க்ருவா. கம்போடியாவிலிருந்து வந்த சாம் முஸ்லிம்களின் குடியிருப்பு. போரில் துணை நின்றதற்காக முதலாம் ராமா மன்னர் கொடுத்த நிலம். தாம்ப்ஸனின் பட்டை முதலில் நெய்தவர்கள் இவர்கள்தான். சுவர் திருப்பப்பட்ட அந்த வரவேற்பறை, 1800 வாக்கில் கட்டப்பட்ட வீடு, இங்கிருந்துதான் கால்வாயைத் தாண்டி வந்தது. பிற்பாடு நெசவு பெரும்பாலும் வடகிழக்கே பாக் தோங் சாய்க்குப் போய்விட்டது. அதிவேகச் சாலைத் திட்டம் ஒன்று ஊரையே விழுங்கப் பார்த்தபோது, பான் க்ருவா மக்கள் பல வருடம் போராடித் தங்கள் வீடுகளைக் காப்பாற்றினார்கள். அந்த வீடுகளைப் பார்க்க டிக்கெட் கிடையாது.

தாம்ப்ஸன் இல்லாவிட்டால் அந்தச் செதுக்கு வேலைப்பாட்டை நான் பார்த்திருக்க மாட்டேன். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதைச் செதுக்கிய தச்சர், போகிற வருகிறவர்கள் பார்க்கட்டும் என்றுதான் வெளிப்பக்கத்தில் செதுக்கியிருப்பார். இன்று அதைப் பார்க்க, செருப்பைக் கழற்றி, டிக்கெட் எடுத்து, உள்ளே வர வேண்டும்.

வெளியே வந்து கால்வாய் ஓரம் நின்றேன். ஒரு படகு சத்தத்தோடு தண்ணீரை வாரியிறைத்துக்கொண்டு போனது. எதிர்க்கரையில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள்.