அச்சுக்குள் அடைபட்ட விகிதம்



விகிதப் பாடம் நடத்தும்போதெல்லாம் ஆரஞ்சுச் சாறும் நீரும், மாவும் சர்க்கரையும் என்றே எடுத்துக்காட்டுகள் தந்து எனக்கே சலித்துவிட்டது. அவற்றில் விகிதம் பிசகினால் சாறு சற்றுப் புளிக்கும், அவ்வளவுதான். ஒரு விகிதத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பின்னர் அதை மாற்றுவதற்கு ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துத் தவிக்கும் இடம் ஏதேனும் உண்டா என்று தேடியபோது கிடைத்ததுதான் பிக்அப் வண்டியின் பின்னச்சு. அந்த அச்சுக்கு நூறாண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அது பெரும்பாலும் அமெரிக்காவில் நிகழ்ந்தது.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினிலிருந்து பின்னோக்கி ஒரு நீண்ட சுழல்தண்டு வருகிறது. சக்கரங்களின் அச்சோ குறுக்காக இருக்கிறது. தண்டின் நுனியில் உள்ள சிறு பல்சக்கரம் பினியன்; அது கடித்துச் சுழற்றும் பெரிய பல்சக்கரம் கிரவுன். பினியனில் 11 பற்களும் கிரவுனில் 41 பற்களும் இருந்தால், சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குத் தண்டு 3.73 முறை சுற்ற வேண்டும். இந்த 3.73தான் அச்சு விகிதம். எண் பெரிதானால் இழுக்கும் வலிமை கூடும்; ஆனால் அதே வேகத்தில் எஞ்சின் மிகுதியாகச் சுழன்று எண்ணெயைக் குடிக்கும். எண் சிறிதானால் சிக்கனமாக ஓடும். சுமையோடு மேடேறத் திணறும். கியர் பெட்டியிலாவது ஓட்டுநர் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம். அச்சிலோ ஒரே ஒரு விகிதந்தான். அதைத் தொழிற்சாலையே முடிவு செய்து மூடிவிடுகிறது.

1908ஆம் ஆண்டு வெளிவந்த ஃபோர்டு மாடல் டி மகிழுந்தில் கிரவுனுக்கு 40 பற்கள், பினியனுக்கு 11 பற்கள், விகிதம் 3.64. கியர் பெட்டியில் முன்னோக்கிச் செல்ல இரண்டே நிலைகள். எஞ்சினின் ஆற்றல் 20 குதிரைத்திறன். சமதரையில் இது போதுமானதாக இருந்தது. ஆனால் அந்த வண்டியை வாங்கியவர்களில் பலர் உழவர்கள். கோதுமை மூட்டையையும் பால் குடங்களையும் ஏற்றிக்கொண்டு சேற்றுப் பாதையில் மேடேறும்போது, மேல்நிலையில் எஞ்சின் அடங்கிவிடும். கீழ்நிலையிலோ வண்டி ஆமைபோல் நகரும். இடையில் ஒன்றுமில்லை.

சுமைக்கென்றே ஃபோர்டு நிறுவனம் 1917இல் மாடல் டிடி என்னும் ஒரு டன் லோரியைக் கொணர்ந்தது. அதன் அச்சு விகிதம் 7.25. கூடுதல் வேகம் வேண்டுவோர்க்கு 5.17 விகிதமும் இருந்தது. முதலாவது விகிதத்தில் மணிக்கு 15 மைலுக்கு மேல் ஓட்ட வேண்டாம் என்றும், இரண்டாவதில் 22 மைலுக்கு மேல் வேண்டாம் என்றும் அறிவுறுத்தப்பட்டது. அதாவது 24 கிலோமீட்டர், 35 கிலோமீட்டர். சுமையா வேகமா, ஒன்றைத் தேர்ந்துகொள் என்று இதைவிட வெளிப்படையாக ஒரு வண்டி கேட்டதில்லை. 1925இல் அதே நிறுவனம் தன் முதல் பிக்அப் வண்டியை 281 டாலருக்கு விற்றது. மாடல் டி மகிழுந்தின் பின்புறத்தில் ஒரு சிறு பெட்டியைப் பொருத்திய வண்டி அது. அச்சு மகிழுந்தின் அச்சேதான்.

பின்னாளில் விகிதத்தை மாற்ற நினைத்தவர் முழு அச்சையும் வண்டியிலிருந்து கழற்றி இறக்க வேண்டும். அச்சின் உறை இரு பாதிகளாக நடுவில் திருகப்பட்டிருக்கும். அதைப் பிரித்தால்தான் பல்சக்கரங்களைத் தொட முடியும். ஆகவே பலரும் வேறு வழியை நாடினார்கள். கிளோவர் ரக்ஸ்டெல் என்பாரின் பெயரால் விற்கப்பட்ட இருநிலை அச்சு அவ்வழிகளுள் புகழ்பெற்றது. இருக்கையின் அருகிலுள்ள ஒரு நெம்புகோலை நகர்த்தினால், அச்சுக்குள்ளேயே விகிதம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். மேட்டில் ஒரு விகிதம், சமதரையில் மற்றொன்று.

ஆனால் இதிலும் ஓர் ஆபத்து மறைந்திருந்தது. மாடல் டியின் கால் பிரேக் சக்கரத்தில் இல்லை. முன்னால் கியர் பெட்டியில் இருந்தது. பின்னச்சின் பல்சக்கரங்கள் வழியாகத்தான் அது சக்கரத்தை நிறுத்த முடியும். நெம்புகோல் இரண்டு நிலைகளுக்கும் நடுவே சிக்கிக்கொண்டால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும், பிரேக்கும் போய்விடும். இறக்கத்தில் இது நேர்ந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. இன்றும் அவ்வண்டிகளைப் பேணிவருவோர் ரக்ஸ்டெல் அச்சு பூட்டினால் பின்சக்கரங்களுக்குத் தனியாகப் பிரேக் பொருத்த வேண்டும் என்று வலியுறுத்துகிறார்கள்.

பெரிய லோரிகளில் இருநிலை அச்சு நெடுங்காலம் நீடித்தது. பிக்அப் வண்டிகளில் அது நிலைக்கவில்லை. கியர் பெட்டியில் மூன்று, நான்கு நிலைகள் வந்தபின் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க யாரும் விரும்பவில்லை போலும். ஒற்றை விகிதமே நிலைத்தது. இதே காலத்தில்தான் அதை மாற்றும் வேலை முன்னிலும் நுட்பமாகிப்போனது.

இதற்குக் காரணம் பற்களின் வடிவம். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் 1874ஆம் ஆண்டிலேயே சாய்பற்சக்கரம் வெட்டும் பொறியை உருவாக்கியவர் வில்லியம் கிளீசன். தொடக்கத்தில் பற்கள் நேராக இருந்தன, ஓடும்போது ஊளையிட்டன. 1913இல் கிளீசன் நிறுவனம் வளைந்த பற்களை வெட்டும் பொறியைக் கொணர்ந்தது. பேக்கர்டு மகிழுந்துகள் அவற்றை முதலில் ஏற்றன. 1926இல் அதே பேக்கர்டு நிறுவனம் ஹைப்பாய்டு என்னும் வகைக்கு மாறியது. இதில் பினியன் கிரவுனின் நடுக்கோட்டுக்குக் கீழே அமர்ந்திருக்கும். சுழல்தண்டு தாழ்வதால் வண்டியின் தரையும் தாழும், ஓசையும் அடங்கும், வலிமையும் கூடும். ஆனால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்வதால் சாதாரண எண்ணெய் தாங்காது. அதற்கெனத் தனி எண்ணெய் வேண்டும். மேலும், கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்து இணையாகவே முடிக்கப்படுகின்றன. ஓர் இணையின் பினியனை மற்றோர் இணையின் கிரவுனோடு சேர்த்தால் அவை ஒத்துப்போகா. இரண்டையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

இங்கே கணித ஆசிரியர்களுக்காக ஒன்றைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. 40:10 என்று வெட்டினால் சரியாக 4 என்னும் அழகான விகிதம் கிடைக்குமே, ஏன் 41:10 என்று வெட்டி 4.10 என்கிறார்கள்? 40:10 என்றால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் அதே நான்கு பற்களையே மீண்டும் மீண்டும் சந்திக்கும். ஒரு பல்லில் குறையிருந்தால் அந்த நான்கு பற்களும் விரைவில் கெடும். 41க்கும் 10க்கும் 1ஐத் தவிர வேறு பொது வகுத்தி இல்லை. ஆகவே ஒவ்வொரு பல்லும் எல்லாப் பற்களையும் சந்தித்துத் தேய்மானம் சமமாகும். பொது வகுத்தியால் என்ன பயன் என்று கேட்கும் மாணவனுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

சரி, வேலை எப்படி நடக்கிறது? எண்ணெயை வடித்து, பின்மூடியைத் திறந்து, சக்கரங்களின் தண்டுகளை உருவி, கிரவுனைத் தாங்கும் கூட்டை நெம்பி எடுப்பது வரை ஒரு சாதாரணப் பட்டறைக்கும் இயலும். கடினம் திரும்பப் பூட்டுவதில் இருக்கிறது. பினியன் எவ்வளவு ஆழத்தில் அமர வேண்டும் என்பதை ஷிம் எனப்படும் மெல்லிய உலோக வளையங்களை வைத்தும் எடுத்தும் முடிவு செய்ய வேண்டும். பேரிங்கை அழுத்திப் பூட்டி, அளந்து, தவறென்றால் மீண்டும் கழற்ற வேண்டும். கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையில் விடும் தளர்வு பொதுவாக 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர், நாம் வகுப்பில் பயன்படுத்தும் நகல்தாள்கள் இரண்டை ஒன்றாக வைத்தால் வரும் தடிமன். பேரிங்குகளுக்கு நடுவே நசுங்குவதற்கென்றே ஒரு குழல் இருக்கும். திருகை இறுக்க இறுக்க அது நசுங்கும். அளவுக்கு மேல் நசுங்கிவிட்டால் திருகைத் தளர்த்திப் பயனில்லை. குழலை எறிந்துவிட்டுப் புதியது போட வேண்டும்.

எல்லாம் அளந்த பிறகும் ஒரு சோதனை உண்டு. பற்களில் மஞ்சள் சாயம் தடவிச் சுழற்றி, அது எங்கே அழிகிறது என்று பார்ப்பார்கள். தடம் பல்லின் நடுவே விழ வேண்டும். உச்சியிலோ அடியிலோ ஓரத்திலோ விழுந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தத் தடத்தைப் படிப்பது நூலில் கற்கும் கலையன்று. கையெழுத்து அழகில்லாத மாணவனைப் பட்டறைக்குத்தான் லாயக்கு என்று ஏசும் பெரியவர்கள், அரை மணி நேரம் அங்கே நின்று பார்த்தால் வாயடைத்துப் போவார்கள். பிழையாகப் பூட்டிய அச்சு சில நூறு கிலோமீட்டரிலேயே ஊளையிடத் தொடங்கும். முற்றினால் பல் உடையும். ஆகவே வாடிக்கையாளர் கொடுக்கும் தொகையில் பெரும்பங்கு உலோகத்துக்கு அல்ல, அந்தக் கைகளுக்கே போகிறது.

செலவு அத்துடன் நிற்பதுமில்லை. சில அச்சுகளில் பெரிய எண்ணுக்கு மாறினால் கிரவுனைத் தாங்கும் கூடும் பொருந்தாது. டானா 44 என்னும் பெயர்பெற்ற அச்சில் 3.73 வரை ஒரு கூடு, 3.92 முதல் வேறொரு கூடு. நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டி என்றால் முன்னச்சையும் அதே விகிதத்துக்கு மாற்றியே தீர வேண்டும். இல்லாவிட்டால் முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுழல முயன்று இடையிலுள்ள பல்சக்கரங்கள் முறுகும். அமெரிக்காவில் இன்று இரண்டு அச்சுகளுக்கும் சேர்த்து ஈராயிரம் டாலரை ஒட்டியோ அதைத் தாண்டியோ செலவாவது வழக்கம்.

இவ்வளவு கடினமாக இருந்துதான் ஆக வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டியதில்லை என்பதற்கு வரலாற்றில் சான்றுண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் பந்தயக் களங்களில் டெட் ஹாலிபிராண்டு உருவாக்கிய அச்சு பரவியது. அதன் பின்மூடியைத் திறந்து இரண்டு நேர்ப்பற்சக்கரங்களை மாற்றினால் சில நிமிடங்களில் விகிதம் மாறிவிடும். அதன் இரைச்சலைப் பந்தயக்காரர் பொறுத்துக்கொண்டார். நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு செல்பவர் பொறுக்கமாட்டார். இடைப்பட்ட தீர்வாக, ஃபோர்டு நிறுவனம் 1957இல் கொணர்ந்த 9 அங்குல அச்சில் கிரவுனும் பினியனும் ஒரே கட்டாக முன்புறமாக வெளியே வரும். வேண்டிய விகிதத்தில் முன்னரே சரிசெய்த வேறொரு கட்டை வாங்கி வீட்டு முற்றத்திலேயே பூட்டிக்கொள்ளலாம். நுட்பமான வேலை மேசையில் முடிந்துவிடுகிறது. வண்டியில் திருகுவது மட்டுமே மிச்சம். 1980களின் நடுப்பகுதியில் அந்த நிறுவனம் தன் பிக்அப் வண்டிகளில் இந்த அச்சைக் கைவிட்டது. அதன் இடத்தைப் பிடித்த அச்சுகளில் எல்லாம் வண்டிக்கு அடியில் படுத்தே செய்ய வேண்டும். செய்பவனுக்கு மலிவானது, பழுது பார்ப்பவனுக்குச் சுமையாயிற்று என்பது என் எண்ணம்.

அதற்குள் விகிதங்களும் மாறியிருந்தன. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. 1974 ஜனவரியில் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் வேக வரம்பு மணிக்கு 55 மைலாக்கப்பட்டது. 1975 டிசம்பரில் எரிபொருள் சிக்கனச் சட்டம் வந்தது. 1979 முதல் இலகுரக லோரிகளும் அதற்கு உட்பட்டன. நிறுவனங்களுக்குக் கையில் கிடைத்த மலிவான கருவி அச்சு விகிதம். 3.08, அதனினும் குறைந்த 2.73 என்றெல்லாம் பிக்அப் வண்டிகள் வெளிவந்தன. 31 அங்குல டயரோடு மணிக்கு 100 கிலோமீட்டரில் செல்லும்போது, கியர் பெட்டி நேர் நிலையில் இருந்தால், 4.10 விகிதத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2760 முறை சுழலும், 3.08இல் 2075தான். நாட்டுக்கு எண்ணெய் மிச்சம். ஆனால் குதிரை வண்டியையோ படகையோ பின்னால் கட்டி இழுப்பவர் இழுவிசையில் கால் பங்கை இழந்தார். அவர் பட்டறையைத் தேடிப் போனார். பெரிய டயர் மாட்டியவர்களும் அதே வரிசையில் நின்றார்கள். 3.73 விகிதமுள்ள வண்டியில் 31 அங்குலத்துக்குப் பதிலாக 35 அங்குல டயர் மாட்டினால், அது 3.30 போல நடந்துகொள்ளும். வேகமானியும் குறைத்துக் காட்டும்.

இந்த நெருக்கடியைத் தீர்த்தது அச்சு அன்று, கியர் பெட்டி. ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் அறிமுகம் செய்த நான்கு நிலைத் தானியங்கிப் பெட்டியின் நான்காம் நிலை 0.70. 4.10 அச்சோடு சேர்த்துப் பெருக்கினால் 2.87, பழைய 3.08ஐ விடவும் சிக்கனம். 2017இல் ஃபோர்டு எஃப்-150 பத்து நிலைப் பெட்டியைப் பெற்றது. அதன் முதல் நிலை 4.69. 3.31 என்னும் மெலிந்த அச்சோடு பெருக்கினாலும் 15.5 வருகிறது. 1970களின் மூன்று நிலைப் பெட்டியை (முதல் நிலை 2.52) 4.10 அச்சோடு பெருக்கினால் 10.3தான். அச்சுக்குள் அடைபட்ட ஒற்றை எண்ணின் ஆதிக்கம் தளர்ந்துவிட்டது. ஆயினும் பழைய வண்டி வைத்திருப்பவருக்கும், முதல் உரிமையாளரின் தேர்வைச் சுமந்துவரும் வண்டியை வாங்குபவருக்கும் இச்செலவு இன்றும் மெய்யானதே.

பழைய வண்டியை வாங்குமுன் விகிதத்தை அறிய ஓர் எளிய முறை உண்டு. பெரியவர் ஒருவர் செய்ய, பிள்ளைகள் தள்ளி நின்று எண்ணலாம். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நடுநிலையில் வைத்து, பின்சக்கரங்களில் ஒன்றை மட்டும் உயர்த்தித் தாங்கியில் நிறுத்துங்கள். டயரிலும் சுழல்தண்டிலும் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில், உயர்த்திய டயரை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினால் தண்டு எத்தனை முறை சுழல்கிறதோ அதுவே விகிதம். மூன்று சுற்று முடிந்து கோடு மிகச் சிறிதே தாண்டி நின்றால் 3.08. மூன்றே முக்காலை எட்டச் சற்றுக் குறைந்தால் 3.73.