இரண்டாம் நாள்: எருசலேமில் ஓராண்டு பயிலும் யூத மாணவரும் இலையுதிர்காலப் பண்டிகைகளும்

வட அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வாழும் யூதக் குடும்பங்கள் பலவற்றில், பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் சேருமுன் ஓராண்டை எருசலேமிலோ அதன் சுற்றுப்புற ஊர்களிலோ கல்வியில் கழிப்பது வழக்கமாகியிருக்கிறது. யெஷிவா எனப்படும் வேதக் கல்லூரிகளில் எலுல் மாதத் தொடக்கத்தில், அதாவது ஆகஸ்டு அல்லது செப்டம்பரில், கல்வியாண்டு தொடங்குகிறது. ஆகவே மாணவர் வந்திறங்கிய இரண்டு மாதத்திற்குள் திஷ்ரி மாதத்துப் பண்டிகைகள் அனைத்தும் வரிசையாக வந்துவிடுகின்றன. பெற்றோரைவிட்டுப் பிரிந்து அவர் கொண்டாடும் முதற் பண்டிகைகள் பெரும்பாலும் இவையே.

அப்பொழுது அவர்முன் ஒரு கேள்வி எழுகிறது. பண்டிகையை ஒரு நாள் ஆசரிப்பதா, இரண்டு நாள் ஆசரிப்பதா என்பதே அது. பார்வைக்கு இது சிறியதொரு சடங்குப் பிரச்சினை. ஆயினும் இதற்குப் பின்னால் ஏறத்தாழ 2000 ஆண்டு வரலாறு இருக்கிறது. ஒருவனுடைய வீடு எங்கே இருக்கிறது என்னும் கேள்வியும் இதனுள் அடங்கியிருக்கிறது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பண்டிகைகளும் அவற்றின் நாட்களும்

லேவியராகமம் 23ஆம் அதிகாரம் ஏழாம் மாதத்துக்குரிய பண்டிகைகளை வரிசைப்படுத்துகிறது. முதலாந்தேதி எக்காளச் சத்தத்தின் நாள். இதுவே பிற்காலத்தில் ரோஷ் ஹஷானா என்னும் ஆண்டுப்பிறப்பாயிற்று. பத்தாந்தேதி பாவநிவிர்த்தி நாள், அதாவது யோம் கிப்பூர். பதினைந்தாந்தேதி கூடாரப்பண்டிகை தொடங்கி ஏழு நாள் நீடிக்கிறது. இருபத்திரண்டாந்தேதி, எட்டாம் நாளாகிய விசேஷித்த சபைகூடும் நாள். ஐந்தாகமங்களை ஓராண்டில் வாசித்து முடித்து மீண்டும் தொடங்கும் மகிழ்ச்சி விழாவாகிய சிம்ஹாத் தோரா இத்துடன் இணைந்தது. மிஷ்னா, தால்மூத் ஆகிய நூல்களில் இவ்விழா காணப்படுவதில்லை. அவற்றுக்குப் பிற்பட்ட காலத்திலேயே அது உருப்பெற்றது.

வேதாகமக் கட்டளைப்படி இவற்றுள் வேலை செய்யலாகாத பண்டிகை நாள் ஒவ்வொன்றும் ஒரே நாள்தான். நடைமுறையோ வேறு. ரோஷ் ஹஷானாவை இஸ்ரவேல் நாட்டிலும் வெளியிலும் இரண்டு நாள் ஆசரிக்கின்றனர். இரண்டு நாள் தொடர்ந்து உபவாசிப்பது அரிதாகையால் யோம் கிப்பூர் எங்கும் ஒரே நாளே. கூடாரப்பண்டிகையின் தொடக்கத்திலும் முடிவிலும்தான் வேறுபாடு எழுகிறது. நாட்டிற்குள் வாழ்வோர் 15ஆந்தேதியையும் 22ஆந்தேதியையும் மாத்திரம் முழுப் பண்டிகையாக ஆசரிக்கின்றனர். வெளியே சிதறி வாழ்வோரில் பழைய வழக்கத்தைப் பின்பற்றுவோர் 16ஆந்தேதியையும் 23ஆந்தேதியையும் கூட்டிக்கொள்கின்றனர். சிம்ஹாத் தோரா அவர்களுக்கு 23ஆந்தேதியில் வருகிறது.

இதன் விளைவை எருசலேமுக்கு வந்த மாணவர் கண்கூடாகக் காண்கிறார். திஷ்ரி 16ஆந்தேதி நகரில் பேருந்துகள் ஓடுகின்றன, கடைகள் திறந்திருக்கின்றன. நியூயார்க்கிலோ லண்டனிலோ இருக்கும் அவருடைய பெற்றோர் அதே நாளில் வேலையனைத்தையும் விட்டு ஜெப ஆலயத்தில் இருக்கின்றனர். கல்லூரி விடுமுறையாதலால் அவர் உள்ளூர்க் குடும்பம் ஒன்றில் விருந்தினராகத் தங்கியிருக்கவுங்கூடும். அவ்வீட்டாருக்குப் பண்டிகைநாள் முடிந்துவிட்டது. அவருக்கு முடிந்ததா இல்லையா என்பதே கேள்வி.

2. பிறையும் தீப்பந்தங்களும்

இரண்டாம் நாள் தோன்றிய வரலாற்றை மிஷ்னாவின் ரோஷ் ஹஷானா என்னும் பகுதியிலிருந்து அறிகிறோம். எபிரெய மாதம் சந்திரமாதம். அதற்கு 29 அல்லது 30 நாட்கள். 29ஆம் நாள் கழிந்த மாலையில் பிறை கண்டவர்கள் எருசலேமிலிருந்த ஆலோசனைச் சங்கத்தின்முன் வந்து சாட்சி பகர வேண்டும். சாட்சி ஏற்கப்பட்டால் அன்றே புதுமாதம், இல்லையேல் மறுநாள். சாட்சிகள் தயங்காமல் வரவேண்டுமென்று அவர்களுக்கு விருந்தளித்தனர். ஓய்வுநாளிலும் அவர்கள் பயணம் செய்ய அனுமதித்தனர்.

தீர்மானமான செய்தி முதலில் தீப்பந்தங்களால் அறிவிக்கப்பட்டது. நீண்ட கேதுருக் கழிகளின் நுனியில் நாணலும் சணலும் கட்டி, ஒலிவமலையின்மேல் நின்று அசைப்பார்கள். அதைக் கண்டு சர்தபா மலையில் அடுத்த தீ ஏற்றப்படும். இவ்வாறு மலைக்கு மலை தாவி, பாபிலோனிய யூதர் வாழ்ந்த திசைநோக்கிச் செய்தி சென்றது. பின்பு சமாரியர் பொய்த் தீ ஏற்றிக் குழப்பம் விளைவித்தமையால் இம்முறை கைவிடப்பட்டுத் தூதர்கள் அனுப்பப்பட்டனர் என்று மிஷ்னா கூறுகிறது.

தீயின் வேகம் தூதனுக்கு இல்லை. திஷ்ரி மாதத்திலோ தடை அதிகம். பண்டிகையிலும் ஓய்வுநாளிலும் தூதன் வழிநடக்கலாகாது. ஆகவே வசந்தகாலத்து நிசான் மாதத் தூதன் சென்றெட்டிய ஊர்கள் சிலவற்றுக்குத் திஷ்ரி மாதத் தூதன் காலத்தில் போய்ச்சேர இயலவில்லை. செய்தி எட்டாத ஊரார் எந்நாள் சரியான நாள் என்றறியாமல் இரு நாட்களையும் ஆசரித்தனர். இரண்டாம் நாள் இவ்வாறு ஐயத்திலிருந்து பிறந்தது. தூரத்திலிருந்தும் பிறந்தது எனலாம்.

நாளைக் குறிக்கும் அதிகாரம் எத்தகையது என்பதை அதே மிஷ்னாப் பகுதியிலுள்ள ஒரு நிகழ்ச்சி விளக்குகிறது. எருசலேம் தேவாலயம் கி.பி. 70இல் அழிந்தபின் யாப்னேயில் தலைமை வகித்தவர் இரண்டாம் கமாலியேல். அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் கமாலியேலின் பேரர். ஒருமுறை ஐயத்துக்குரிய சாட்சிகளை அவர் ஏற்றுக்கொண்டார். ரபி யோசுவா அதனைத் தவறென்று கருதினார். அப்பொழுது கமாலியேல், யோசுவாவின் கணக்குப்படி யோம் கிப்பூராகிய நாளிலேயே கைத்தடியும் பணமும் எடுத்துக்கொண்டு தம்மிடம் வருமாறு கட்டளையிட்டார். ரபி அகிபாவும் மற்றோரும் ஆறுதல் கூற, யோசுவா அவ்வாறே சென்றார். கமாலியேல் எழுந்து அவர் தலையில் முத்தமிட்டு, அறிவில் தமக்குக் குருவென்றும் கீழ்ப்படிதலில் தமக்குச் சீடரென்றும் அவரை ஏற்றுக்கொண்டார். கணக்கில் யார் சரி என்பதைவிட, சமுதாயம் ஒரே நாளில் உபவாசிப்பதே பெரிதென்று யோசுவா கருதினார்போலும்.

3. கணக்கு வந்தது; வழக்கம் நின்றது

கி.பி. 358 அல்லது 359இல் இரண்டாம் ஹில்லேல் நிரந்தரக் கணக்கை வெளியிட்டார் என்பது மரபு. ஆனால் அக்கணக்கு ஒரே நாளில் முழுமையாக அமைந்துவிடவில்லை. கெய்ரோ நகர்ப் பழைய ஜெப ஆலயத்தின் ஏட்டுக் குவியலில் கிடைத்த, 835 அல்லது 836ஆம் ஆண்டைச் சேர்ந்த கடிதமொன்று, இன்றைய கணக்குக்குப் பொருந்தாத பஸ்கா நாளைக் குறிக்கிறது. ஆகவே கணக்கு படிப்படியாக வளர்ந்து 9, 10ஆம் நூற்றாண்டுகளிலேயே இறுதி வடிவம் பெற்றது என்று இக்கால ஆய்வாளர் கருதுகின்றனர்.

கணக்குத் தெரிந்தபின் ஐயத்திற்கு இடமேது? ஐயம் நீங்கியபின் இரண்டாம் நாள் எதற்கு? இக்கேள்வியைத் தால்மூத்தே எழுப்புகிறது. பாலஸ்தீனத்திலிருந்து பாபிலோனுக்கு வந்த விடையும் அங்கே கூறப்படுகிறது. முன்னோரின் வழக்கத்தைக் கைவிடவேண்டாம். அரசாங்கம் ஒருகால் துன்பம் விளைவித்துக் கல்வியைத் தடுக்குமானால் கணக்கு மறந்துபோகக்கூடும் என்பதே அவ்விடையின் கருத்து. ஐயத்தினால் வந்த நாள் இங்ஙனம் முன்னோரின் நினைவினால் நிலைபெறலாயிற்று.

4. நாட்கள் பிளந்த ஆண்டு

நாளைக் குறிக்கும் அதிகாரம் யாருக்கு என்னும் போராட்டம் 921-922இல் வெடித்தது. பாலஸ்தீனக் கல்விக்கழகத் தலைவர் பென் மேயீர், வரவிருந்த பஸ்கா ஞாயிற்றுக்கிழமையில் தொடங்குமென்று அறிவித்தார். பாபிலோனியரின் கணக்கோ செவ்வாய்க்கிழமையைக் காட்டியது. வேறுபாட்டின் மூலம் மிகச் சிறியது. யூதக் கணக்கு ஒரு மணியை 1080 பகுதிகளாகப் பிரிக்கிறது. அவற்றில் 642 பகுதிகள், ஏறத்தாழ 36 நிமிடங்கள், இதற்குக் காரணமாயின. எகிப்தில் பிறந்தவரும் பின்னர்ச் சூரா கல்விக்கழகத்தின் தலைவரானவருமாகிய சாதியா (882-942) பாபிலோனியரின் பக்கம் நின்று கடிதங்கள் எழுதினார்.

அவ்வாண்டில் யூத மக்கள் ஒரே பண்டிகையை வெவ்வேறு நாட்களில் ஆசரித்தனர். மேற்கிலுள்ளோர் ஆண்டுப்பிறப்பைச் செவ்வாய்க்கிழமையிலும் கிழக்கிலுள்ளோர் வியாழக்கிழமையிலும் ஆசரித்ததை, 11ஆம் நூற்றாண்டுக் கிழக்குத் திருச்சபைப் பேராயரும் வரலாற்றாசிரியருமான நிசிபிஸ் எலியா தமது நூலில் குறித்துவைத்திருப்பது நமது கவனத்துக்குரியது. அயலார் கண்ணிலும் பட்ட பிளவு அது. முடிவில் பாபிலோனியர் கணக்கே வென்றது. நாளை அறிய எருசலேமை எதிர்பார்த்த காலம் அத்துடன் முடிந்தது. எனினும் எருசலேமுக்குத் தொலைவில் வாழ்கிறோம் என்பதைக் காட்டும் இரண்டாம் நாள் மாத்திரம் முடியவில்லை.

5. பயணியின் நிலை

வெளிநாட்டார் எருசலேமுக்கு வந்து தங்கும்பொழுது செய்ய வேண்டுவது யாது? இதற்கு மூன்று விடைகள் எழுந்தன.

முதலாவது, சாபேத் நகரில் வாழ்ந்த யோசேப் காரோ (1488-1575) கூறியது. திரும்பிச் செல்லும் எண்ணமுடைய யாத்திரிகர் தம் ஊர் வழக்கப்படி இரண்டு நாளும் ஆசரிக்கவேண்டும். அவர்கள் ஒன்றுகூடி இரண்டாம் நாள் ஆராதனை நடத்தியதையும் அவர் குறிப்பிடுகிறார். மனிதன் தன் வீட்டைத் தன்னுடன் சுமந்து செல்கிறான் என்பது இதன் கருத்து.

இரண்டாவது, ஆம்ஸ்டர்டாமில் ரபியாயிருந்த ஸ்வி அஷ்கெனாசி (1660-1718) கூறியது. வழக்கம் இடத்தைப் பற்றியதேயன்றி ஆளைப் பற்றியதன்று. ஆகவே அந்நாட்டில் நிற்பவன், நிற்கும் காலமெல்லாம், அந்நாட்டான்போல ஒரே நாள் ஆசரிக்கவேண்டும்.

மூன்றாவது, எருசலேமின் அஷ்கெனாசி தலைமை ரபியாகிய சாமுவேல் சாலந்த் (1816-1909) பெயரால் வழங்குவது. ஒரு நாள் போதுமென்னும் கருத்தில் நியாயம் கண்டும் மற்ற பக்கத்தைத் தள்ள அவர் துணியவில்லை. எனவே இரண்டாம் நாளில் வேலை செய்யாதிருந்து, ஜெபத்தை மட்டும் சாதாரண நாளுக்குரியதாகச் செய்வது என்னும் நடுவழி பிறந்தது. இதனை 'ஒன்றரை நாள்' என்று வழங்குகின்றனர்.

இவற்றுக்கு அப்பால் நான்காவது நிலை ஒன்றுண்டு. 1846இல் பிரெஸ்லாவில் கூடிய சீர்திருத்த ரபிமார் மாநாடு, இரண்டாம் நாளை நீக்கிவிடச் சபைகளுக்கு உரிமையுண்டென்று தீர்மானித்தது. அவ்வழி நிற்கும் வீட்டுப் பிள்ளைக்கு எருசலேமில் இப்பிரச்சினையே எழுவதில்லை.

6. ஓராண்டு வாசம்

1946இல் யூத முகவாண்மை வெளிநாட்டு இளைஞர் தலைவர்களுக்கென எருசலேமில் ஒரு பயிற்சி நிலையத்தைத் தொடங்கியது. 1967ஆம் ஆண்டுப் போருக்குப்பின் இவ்வாறு வருவோர் தொகை பெருகியது. 2004இல் இஸ்ரவேல் அரசும் யூத முகவாண்மையும் இத்தகைய நீண்டகாலத் திட்டங்களை ஊக்குவிக்க 'மாசா' என்னும் அமைப்பை உருவாக்கின. முற்காலத்து யாத்திரிகர் பண்டிகைக்கு வந்து பண்டிகையோடு திரும்பியவர். மாணவரோ பத்து மாதம் தங்குகிறார், ஆனால் குடியேறியவரல்லர். பழைய தீர்ப்புகள் அறியாத புதிய நிலை இது.

இங்கே ஒரே சான்றைக்கொண்டு இரு பேராசிரியர்கள் இரு முடிவுக்கு வந்தனர். நியூயார்க்கில் வாழ்ந்த மோசே ஃபைன்ஸ்டைன் (1895-1986), திரும்பிச் செல்லும் எண்ணமுள்ள மாணவர் இரண்டு நாள் ஆசரிக்கவேண்டும் என்றார். எருசலேமில் வாழ்ந்த ஓவாதியா யோசேப் (1920-2013), மணமாகாத மாணவர் அங்கேயே துணை தேடி நிலைத்துவிடக்கூடுமாதலால் ஒரு நாள் ஆசரிக்கலாம் என்றார். முன்னவர் அவனது பெற்றோரின் வீட்டை நோக்கினார். பின்னவர் அவன் இன்னும் கட்டாத வீட்டை நோக்கினார். பதினெட்டு வயதினன் ஒருவன் இவ்விரண்டிற்கும் இடையிலேதான் நிற்கிறான்.

7. இரண்டு இலையுதிர்காலங்கள்

1973 அக்டோபர் 6, ஓய்வுநாளும் யோம் கிப்பூருமாகிய நாளில், எகிப்தும் சிரியாவும் போர் தொடுத்தன. ஆராதனையிலிருந்தவர்கள் ஜெப ஆலயங்களிலிருந்தே படைக்கு அழைக்கப்பட்டனர். யோம் கிப்பூர் எங்கும் ஒரே நாளாகையால் அச்செய்தியை உலகெங்குமுள்ள யூதர் ஒரே உபவாசத்தில் கேட்டனர்.

2023 அக்டோபர் 7 அவ்வாறானதன்று. அது திஷ்ரி 22ஆந்தேதி. நாட்டினுள் சிம்ஹாத் தோரா. அன்று காலை ஹமாஸ் நடத்திய தாக்குதலில் ஏறத்தாழ 1200 பேர் கொல்லப்பட்டனர். 250 பேரளவில் பணயக்கைதிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்த போரில் காசாவில் பல்லாயிரக்கணக்கான பாலஸ்தீனர் மாண்டனர். நாட்டினுள் இருந்தோருக்கு மகிழ்ச்சி விழாவின் நடுவிலேயே துக்கம் வந்தது. வெளியே இருந்தோருக்கோ விழா அன்று மாலையில்தான் தொடங்கவிருந்தது. சுருளைச் சுமந்து ஆடுவதா, அமைதியாய் நிற்பதா என்று ஒவ்வொரு சபையும் தானே தீர்மானிக்க வேண்டியதாயிற்று. எருசலேமில் இரண்டு நாள் ஆசரித்த வெளிநாட்டு மாணவர், தம் சிம்ஹாத் தோராவை மறுநாள் எதிர்கொண்டார். செய்தி எட்டாமையால் தோன்றிய இரண்டாம் நாளுக்கு, செய்தி முந்திக்கொண்டு வந்தது.

முடிவுரை

இரண்டாம் நாளின் காரணம் மறைந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இன்று எந்தப் பிள்ளையும் எந்த ஆண்டின் பண்டிகை நாளையும் அச்சிட்ட அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். ஆயினும் அந்நாள் நிற்கிறது. ஐயத்தின் விளைவாகத் தோன்றி, சிதறலின் நினைவாக நிலைத்து, இப்பொழுது உறவின் அடையாளமாகியிருக்கிறது என்பதே இவ்வரலாறு காட்டும் உண்மை. திஷ்ரி 23ஆந்தேதியன்று எருசலேமில் வேலைக்குச் செல்லும் கூட்டத்தின் நடுவே பண்டிகை உடையணிந்து நடக்கும் மாணவர், நாளைத் தவறாக எண்ணியவரல்லர். அதே வேளையில் தம் பெற்றோர் பாடிக்கொண்டிருக்கும் ஊரின் நாளை அவர் எண்ணுகிறார். ஒரே நாள் ஆசரிக்கும் அவருடைய தோழரும் வீட்டை மறந்தவரல்லர். தாம் நிற்கும் மண்ணின் நாளை எண்ணுகிறார். இருவரும் அடுத்த ஓய்வுநாளில் ஒரே மேசையில் அமர்கின்றனர். 922ஆம் ஆண்டில் பெருந்தலைவர்களால் இயலாத ஒன்றை இம்மாணவர்கள் ஆண்டுதோறும் அமைதியாய்ச் செய்துவருகின்றனர். சமய வரலாற்றைப் பயில்வோர் இதனை எண்ணிப் பார்ப்பது நலம்.