கனவுப் பாட்டுக்குக் கரிசல்காட்டு அஞ்சலி

கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி போடுவது நம் ஊர் வழக்கம். கனவுப் பாட்டுக்கு இரண்டில் ஒன்றையும் துல்லியமாகப் போட முடியாது. கடைசி மூச்சு எந்தப் படத்தில் நின்றது என்று கேட்டால் சினிமாக்காரர்களே ஆளுக்கொரு படத்தைச் சொல்வார்கள். போய்விட்டது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. கதாநாயகியைப் பார்த்த மாத்திரத்தில் கதாநாயகன் கண்ணை மூடுவதும், மறுநொடி இருவரும் பனிமலை அடிவாரத்தில் நிற்பதும் இன்றைய கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கேலி வீடியோவில் பார்க்கும் சங்கதி. எங்கள் தலைமுறைக்கு அது சினிமாவில் பாதி.

அது எப்படி இருந்தது என்று எழுதிவைக்க வேண்டும். கதை ஊரில் நடக்கும். ஒரு பார்வை, ஒரு சிரிப்பு. உடனே சந்தூர் ஒரு தடவை மேலிருந்து கீழே வழியும். படம் கலங்கித் தெளிந்தால் ஊட்டி, மைசூர் பிருந்தாவனம், தயாரிப்பாளர் வசதியானவர் என்றால் சுவிட்சர்லாந்து. அவர் கோட்டும் மப்ளரும் பூட்ஸும் மாட்டியிருப்பார். அவள் ஷிபான் சேலையில் பனிமேல் ஓடிவருவாள். மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரே நிறக் குடை பிடித்த பெண்கள் வரிசையாக வருவார்கள். பல்லவிக்கு ஒரு உடை, சரணத்துக்கு ஒரு உடை, இடையில் வயலின்கள் எழும்பும்போது இன்னொன்று. முகமும் முகமும் நெருங்கும் நேரம் பார்த்துக் காமிரா வானத்தைப் பார்க்கக் கிளம்பும், அல்லது இரண்டு ரோஜாப்பூ ஒன்றோடொன்று மோதும். பாட்டு முடிந்ததும் பக்கத்திலிருக்கும் நண்பன் தோளைப் பிடித்து உலுக்குவான். மறுபடி அதே டீக்கடை, அதே பெஞ்சு.

இந்த அஞ்சலியை விருதுநகர்ப் பக்கத்திலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. கௌசிகா நதி என்று பெயருக்கு ஒரு நதி ஓடும் ஊர் இது. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் வருடத்தில் பெரும்பாலான நாள் மணல்தான். கண்ணுக்கெட்டிய தூரம் கரிசலும் சீமைக்கருவேலமும். மழை பெய்யாத வானம்தான் இங்கே தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுக்கும் மூலதனம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். விடிவதற்கு முன்னால் பிள்ளைகளை அள்ளிப்போட்டுக்கொண்டு தீப்பெட்டி ஆபீஸ் பஸ் போன காலம் ஒன்று இருந்தது. சலம் பென்னூர்கர் அதை 1990இல் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்று, சிவகாசியின் பட்டப்பெயரிலேயே, ஆவணப்படமாக எடுத்தார். குச்சி அடுக்கியும் திரி சுற்றியும் விரல் காய்த்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை தரை டிக்கெட்டில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்த பச்சை, கனவுப் பாட்டின் பச்சை. ஏரியை, பனியை, புல்வெளியை எங்களில் பலர் முதன்முதலில் பார்த்தது அங்கேதான்.

அங்கே மட்டும்தானா என்றால், வீட்டுச் சுவரிலும் பார்த்தோம். கனவுப் பாட்டின் பூர்வீகத்தில் ஒரு கிளை எங்கள் பக்கம் இருக்கிறது. சினிமா வரலாறு எழுதுபவர்கள் இதை அதிகம் பேசுவதில்லை. சினிமாவுக்கு முந்தைய கம்பெனி நாடகத்தில் தெரு, காடு, தர்பார், தோட்டம் என்று சீன் படுதா தொங்கும். காதல் பாட்டு வந்தால் தோட்டப் படுதா இறங்கும். ராஜா வீட்டுப் பெண் எந்த ஊரில் இருந்தாலும், பாட வேண்டுமென்றால் தோட்டத்துக்கு வந்தாக வேண்டும். 1886இல் சிவகாசியில் பிறந்த எஸ். எஸ். விஸ்வநாத தாஸ் அந்தப் படுதாக்களுக்கு முன்னால் நின்றுதான் வெள்ளைக்காரனை எதிர்த்துப் பாடிச் சிறைக்குப் போனார். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில் ‘வள்ளி திருமணம்’. முருகன் வேடத்தில் மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. வள்ளி திருமணமே என்ன கதை? ஊரும் அண்ணன்மாரும் பார்க்காத காட்டுக்குள் ஒரு ஆணும் பெண்ணும் சந்திக்கும் கதை.

அந்தப் படுதாக்களை வரைந்தவர்களில் ஒருவர் கொண்டைய ராஜு (1898–1976). ரமணாசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்து, பிறகு நாடகக் கம்பெனிக்குச் சீன் எழுதி, 1940களில் கோவில்பட்டியில் தங்கியவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசி அச்சகங்களில் காலண்டராகி இந்தியா முழுக்கப் போயின. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் ஒட்ட வேண்டுமென்று வந்த அச்சுத்தொழில், தெய்வங்களையும் அச்சடித்தது. அந்தக் காலண்டர்களில் சாமியை விட்டுவிட்டுப் பின்னால் பாருங்கள். நீல ஏரி, அருவி, அன்னம், தூரத்தில் பனி மூடிய மலை. நாடகப் படுதாவின் தோட்டம் சாமிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. பிறகு சாமியும் இல்லாமல் வெறும் இயற்கைக் காட்சியே காலண்டராக வந்தது. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு தகடு. நான்கும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால்தான் அந்த ஏரி ஏரியாகும். பிசகினால் மலைக்கு ஓரத்தில் சிவப்பாக ஒரு நிழல் நிற்கும். அந்த நிழலோடு கூடிய சுவிட்சர்லாந்தும் மளிகைக்கடையின் பெயர் தாங்கி எங்கள் வீடுகளில் பன்னிரண்டு மாதம் தொங்கியது. போட்டோ ஸ்டூடியோவிலும் அதே காட்சி. புதுத்தம்பதி படிக்கட்டும் பூந்தொட்டியும் வரைந்த திரைக்கு முன்னால் விறைத்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

சினிமா இதையெல்லாம் எடுத்து அசைய வைத்தது. 1969இல் வந்த ‘சிவந்த மண்’ணுக்காக இயக்குநர் ஸ்ரீதர் ஐரோப்பா போனார். எம்.ஜி.ஆர். ஒசாகாவின் எக்ஸ்போ 70இல் எடுத்த காட்சிகளோடு ‘உலகம் சுற்றும் வாலிபன்’ 1973இல் வந்தது. ‘ஜீன்ஸ்’ (1998) ஒரே பாட்டுக்காக உலக அதிசயங்களைச் சுற்றி வந்தது. ‘அந்நியன்’ (2005) நெதர்லாந்தின் துலிப் தோட்டத்தில் ஒரு பாட்டும், தென்காசி சுந்தரபாண்டியபுரத்தில் பாறைக்கும் வீட்டுக்கும் வண்ணம் அடித்து ஒரு பாட்டும் எடுத்தது. ‘எந்திரன்’ 2010இல் பெரு நாட்டு மாச்சு பிச்சு வரை போனது. அதற்கு மேல் போக இடமில்லை என்பதுபோல் அங்கேயே ஏறக்குறைய முடிந்துவிட்டது.

வெளிநாடு போகாமலும் கனவு காண முடியும் என்று காட்டியவர் பாரதிராஜா. ‘16 வயதினிலே’யில் (1977) கதாநாயகி மயில் காணும் கனவுக்கு ஒரு ஊஞ்சலும் வெட்டவெளியும் போதுமாக இருந்தன, அந்தப் பாட்டுக்கு எஸ். ஜானகி தேசிய விருது வாங்கினார். கனவுப் பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், ஏனென்றால் அது பெண் கண்ட கனவு. மற்றவற்றில் பெரும்பாலானவை ஆண் கண்டவை. அவள் சம்மதம் கேட்காமலே அவளைக் கனவுக்குள் இழுத்துவந்து, பனியில் நடுங்கவிட்டு, இடுப்பைச் சுற்றிக் காமிராவை ஓட்டியவை. செத்தவரைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டும் என்பார்கள்; இதைச் சொல்லாமல் விட்டால் அஞ்சலி பொய்யாகிவிடும்.

இருந்தாலும் அழுகிறேன். காரணம் பச்சைப் புல்வெளி மட்டும் இல்லை.

கனவுப் பாட்டைப் பற்றிப் படித்தவர்கள் சொன்ன பெரிய குற்றச்சாட்டு, அது கதைக்குச் சம்பந்தமில்லாமல் நடுவில் வருகிறது என்பது. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் ஊர்களில் ஒரு பையனும் பெண்ணும் தெருமுனையில் இரண்டு நிமிஷம் நின்று பேசினால் மூன்றாவது நிமிஷம் செய்தி வீட்டுக்குப் போய்விடும். பஸ் ஸ்டாண்டில் சித்தப்பா, பஜாரில் மாமா, கோயிலில் பெரியம்மா, அதற்கு மேல் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சாதி. காதலிப்பவர்கள் தனியாக நிற்க இந்த மண்ணில் ஒரு சதுர அடி கிடையாது என்ற உண்மையை, வெளிநாட்டுக்கு ஓடுவதன் மூலம் தமிழ் சினிமா ஒப்புக்கொண்டது. சுவிட்சர்லாந்தின் முக்கியமான அழகு அதன் பனி இல்லை. அங்கே சொந்தக்காரர்கள் யாரும் இல்லை என்பதுதான். குடை பிடித்து ஆடும் பெண்கள் எல்லாவற்றையும் பார்ப்பார்கள், ஊரில் போய்ச் சொல்ல மாட்டார்கள். அந்த அளவுக்குக் கதையோடு சம்பந்தப்பட்டது அது.

இதற்கிடையில் யதார்த்தப் படங்கள் வரத் தொடங்கின. 2004இல் ‘காதல்’ வந்தது. 2006இல் எங்கள் விருதுநகர்க்காரர் வசந்தபாலன் ‘வெயில்’ எடுத்தார். பாட்டுக்கு ஊட்டியும் வேண்டாம், உடை மாற்றமும் வேண்டாம் என்று இந்த ஊர் வெயிலையே காமிராவுக்கு முன்னால் வைத்தார். நா. முத்துக்குமார் எழுதி, ஜி. வி. பிரகாஷ்குமார் தன் முதல் படத்திலேயே இசையமைத்த பாட்டில், சிறுவர்கள் கரிசல் வெயிலில் விளையாடித் திரிந்தபோது கொட்டகையில் எழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நம்மூர்ப் புழுதி திரையில் அழகாக இருக்க முடியும் என்று கண்டோம். பிறகு ‘பருத்திவீரன்’, ‘சுப்ரமணியபுரம்’. பாட்டு மாண்டேஜ் ஆனது: ஜன்னலில் ஒரு பார்வை, சைக்கிளில் ஒரு திருப்பம், பஸ் படியில் ஒரு சிரிப்பு. எல்லாம் ஊருக்குள்ளேயே. உண்மையாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அந்தப் படங்கள் எப்படி முடிந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தெருவில் நடந்த காதல் தெருவிலேயே அடிபட்டது. பல படங்களில் செத்தும் போனது. திரைக்கு வெளியில், 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டு அருகே, சாதி மாறி மணந்த சங்கர் மனைவியோடு பட்டப்பகலில் நடந்து போகும்போது வெட்டிக் கொல்லப்பட்டார். தெருவில் காதலர்களுக்கு என்ன நடக்கும் என்பதில் அந்த இயக்குநர்கள் ஒரு வரிகூடப் பொய் சொல்லவில்லை.

யதார்த்தம் பாதியைக் கொன்றது என்றால் மீதியைக் கொன்றது கைப்பேசி. 2011 நவம்பரில் ‘கொலவெறி’ யூட்யூபில் வந்தபோது அதில் மலையும் இல்லை, கதாநாயகியின் நடனமும் இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் தனுஷ் ஹெட்போன் மாட்டிப் பாடியதைத்தான் உலகமே பார்த்தது. அதற்குப் பிறகு பாட்டின் வரிகளே திரையில் ஓடும் லிரிக் வீடியோ வழக்கமாயிற்று. படம் வருவதற்கு மாதக்கணக்கில் முன்னால் பாட்டு பழசாகிவிடுகிறது. அதற்காக ஐம்பது பேரைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறுவது வீண் செலவு என்று தோன்றுவது இயல்பு. பாதிக்கப்பட்டவர்கள் வரிசையில் ஆடியவர்கள், உடை தைத்தவர்கள், செட் போட்டவர்கள். அவர்களுக்குச் சுவரொட்டி யாரும் ஒட்டவில்லை.

மற்ற வகைப் பாட்டுகள் பிழைத்துக்கொண்டதைக் கவனிக்க வேண்டும். கதாநாயகன் அறிமுகப் பாட்டு நன்றாகவே இருக்கிறது: திருவிழாக் கூட்டம், வண்ணப்பொடி, மேலே எங்கள் சிவகாசி வாணவேடிக்கை. மடித்துக் கட்டிய வேட்டியும் பறையும் டியூப்லைட்டுமாகக் குத்துப்பாட்டு இருக்கிறது. சினிமாவுக்கு வெளியே வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ (2021) மண்ணையும் முன்னோரையும் முன்னால் நிறுத்திப் புதிய ஒரு காட்சி மொழியையே உண்டாக்கியது. அதைக் கொண்டாடாதவன் ரசிகன் இல்லை. கூட்டம் நிற்கும் பாட்டுகள் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. தனிமை கேட்ட பாட்டுதான் போய்விட்டது.

கனவுப் பாட்டு எங்கேயும் போகவில்லை, கல்யாண வீட்டுக்குக் குடிபோயிருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். உண்மைதான். நிச்சயம் முடிந்த ஜோடிகள் கொடைக்கானலில் வண்ணப்புகைக்கு நடுவில் ஓடுவதையும், டிரோன் காமிரா மேலே எழும்புவதையும், மண்டப வாசல் எல்இடி திரையில் அது ஓடுவதையும் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் பார்க்கிறோம். ஆனால் அது இரு வீட்டாரும் ஜாதகமும் சாதியும் பார்த்துச் சம்மதித்த பிறகு எடுக்கும் படம்; பந்தியில் உட்கார்ந்திருக்கும் அத்தனை சொந்தமும் பார்ப்பதற்கென்றே எடுப்பது. கனவுப் பாட்டு சம்மதம் கிடைப்பதற்கு முன்னால் வந்தது. பல கதைகளில் சம்மதம் கிடைக்கவே போவதில்லை என்று தெரிந்தும் வந்தது. ஐந்து நிமிஷம் இருவரையும் யாரும் எதுவும் கேட்கவில்லை. தரை டிக்கெட்டில் இருந்தவர்களும் அந்த ஐந்து நிமிஷத்துக்கு அவர்கள் பக்கம் இருந்தோம். படம் முடிந்து வீட்டுக்குப் போனபின் நம் வீட்டுப் பெண்ணுக்கு அதே இடத்தை நாம் கொடுக்கவில்லை என்பது வேறு கணக்கு, அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

படம் எடுக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். யதார்த்தத்தை விட வேண்டாம், அதை வாங்குவதற்கு நிறையப் பேர் பாடுபட்டிருக்கிறார்கள். பனிமலையும் துலிப் தோட்டமும் வேண்டாம். அடுத்த படத்தில் ஒரு பாட்டை மட்டும், அந்தப் பெண் காணும் கனவாக எடுங்கள். அவர்களை யாரும் வெட்ட வராத ஒரு இடத்தில் எடுங்கள். அந்த இடம் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவிலேயே இருக்கட்டும்.