உடம்புப்பிடித் தொழிலும் ஊராட்சி உரிமமும்

எத்தொழிலை எவ்விடத்தில் நடத்தலாம் என்று ஆட்சியினர் வரையறுப்பது நம் நாட்டிற்குப் புதியதன்று. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரமே அத்தகையதொரு விதியின் பயனாக வளர்ந்ததாகும். 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து நகரை அழித்தன. மறு ஆண்டு சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பதவியேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், அத்தாப்புக் குடிசைகளை விடுத்துச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டுமாறு பணித்தார். அதற்கான செங்கல் சூளைகள் அமைந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. 1890இல் கோலாலம்பூரில் சுகாதார வாரியம் ஏற்பட்டது. இன்றைய மாநகராட்சியின் மூதாதை அதுவே.

இவ்வட்டாரத்தில் உடம்புப்பிடித் தொழில் வேரூன்றியதற்குத் தனிக் காரணம் உண்டு. 1951இல் மலாயாப் பார்வையற்றோர் சங்கம் தோன்றியது. 1953இல் பிரிக்பீல்ட்சில் கர்னி பயிற்சி நிலையம் திறக்கப்பட்டது. பயில வந்தோர் பலர் அருகிலேயே குடியேறினர். விரல் நுனியே விழியாய்ப் பயின்றவர்க்கு, நரம்பும் தசையும் அறிந்து உடம்பு பிடிக்கும் கலை தக்க பிழைப்பாயிற்று. கையேந்தி வாழாது கைத்திறத்தால் வாழ அது வழி வகுத்தது.

ஆயினும் இத்தொழிலுக்கு ஓர் இடுக்கண் நேர்ந்தது. 'உடம்புப்பிடி நிலையம்' என்னும் அதே பலகையை மாட்டிக்கொண்டு ஒழுக்கக்கேட்டை விற்போரும் நகரங்களில் பெருகினர். எனவே உரிமச் சட்டம் இருவேறு மக்களை ஒரே பெயரில் நோக்க வேண்டியதாயிற்று.

அச்சட்டம் யாது? 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், துணைவிதிகள் இயற்றவும் உரிமம் வழங்கவும் மன்றங்களுக்கு அதிகாரம் தருகிறது. அதன் 107ஆம் பிரிவின்படி, வழங்கிய உரிமத்தைக் காரணம் கூறாமலே எந்நேரமும் திரும்பப் பெறலாம். இடத்தைப் பற்றிய விதியோ வேறு. கிள்ளானுக்கு 1976ஆம் ஆண்டின் நகர், நாட்டுப்புறத் திட்டச் சட்டமும், கோலாலம்பூருக்கு 1982ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டச் சட்டமும் பொருந்தும். ஆகவே கையில் திறமை இருந்தால் மட்டும் போதாது. கடையிருக்கும் கட்டடமும் அத்தொழிலுக்கு ஏற்றதென ஒப்பப்பட வேண்டும். தொழிலின் திறத்தையே நோக்கும் சட்டம் பின்னரே வந்தது. 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம், அதன் எல்லைக்குட்பட்ட சிகிச்சையாளர் பதிவு பெறவேண்டும் என்கிறது.

பிற நாடுகள் இதனை எவ்வாறு கையாண்டன? சப்பானில் 17ஆம் நூற்றாண்டிலேயே சுகியாமா வாயிச்சி என்னும் பார்வையற்ற மருத்துவர் தம்மைப் போன்றோர்க்குப் பயிற்சி அளித்தார். பார்வையுள்ளோர்க்கான புதிய உடம்புப்பிடிப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தும் விதியை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022இல் செல்லும் என்றது. தென்கொரியாவில் இத்தொழிலைப் பார்வையற்றோர்க்கே ஒதுக்கிய விதி 2006இல் வீழ்ந்தது. அவர்கள் கிளர்ந்தெழவே மீண்டும் சட்டமாகி, 2008இல் நீதிமன்றத்தின் ஏற்பையும் பெற்றது. அதே ஆண்டில் தைவான் நீதிபதிகளோ, தொழில் செய்யும் உரிமை அனைவர்க்கும் பொது என்று கூறி அத்தகைய ஒதுக்கீட்டை நீக்கினர். இரு தரப்பிலும் நியாயம் உண்டென்பதை இவ்வழக்குகள் காட்டுகின்றன.

நம் நாட்டில் அத்தகைய ஒதுக்கீடு இல்லை. அதனை நாம் வேண்டவும் இல்லை. வேண்டுவது வேறு. ஒழுக்கக்கேட்டைத் தடுப்பது மன்றத்தின் கடமை, அதனை மறுப்பாரிலர். ஆனால் பார்வையற்ற ஒருவரின் கடையை 'வேறிடம் செல்க' என்பது, மற்றவரை அங்ஙனம் பணிப்பது போன்றதன்று. படிகளையும் திருப்பங்களையும் சாலை கடக்கும் இடத்தையும் ஆண்டுக்கணக்கில் நடந்து மனத்தில் எழுதிவைத்த வழியை அவர் இழக்கிறார். புதிய இடத்தில் அவர் மீண்டும் முதலடியிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆதலின், கலையையும் கேட்டையும் உரிமப் பட்டியலிலேயே வேறுபடுத்துதல், உரிமத்தை நீக்குமுன் காரணத்தை எழுத்தில் தந்து மறுமொழி கேட்டல் ஆகிய இரண்டும் நடைமுறையாக வேண்டும். 2024இல் மாநகராகிய கிள்ளானுக்கும் இது பொருந்தும். செங்கல்லால் கட்டுக என்ற பழைய விதி நகரைத் தீயிலிருந்து காத்தது. இன்றைய விதி, உழைத்துண்பாரின் பிழைப்பையும் காத்தல் வேண்டும்.